மொசைக்கின் மறு அவதாரம்

பாட்டனார் காலத்தில் கூடத்துக்கு மொசைக் தளம் போடுவது பெரிய கௌரவம். சலவைக்கல் சில்லுகளைச் சாந்தில் பதித்துத் தேய்த்து மெருகேற்றும் அந்த வித்தை வெனிஸ் நகரத்தில் வளர்ந்தது. நம் நாட்டிலே 1922-ல் பெரோஸ்ஷா சித்வா பாரத் டைல்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, தரைக்குரிய சிமெண்டு ஓடுகளை ஸ்வதேசியாகவே செய்யலாம் என்று காட்டினார். இன்று மொசைக் மறு அவதாரம் எடுத்திருக்கிறது. சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸி என்னும் செயற்கைப் பிசின்.

சிமெண்டு மொசைக்குக்கு அடிச்சாந்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை அங்குல கனம் வேண்டும். இதற்குக் கால் அங்குலமே போதும். ஆகையால் பழைய கான்கிரீட் தரையின் மேலும் போடலாம். வெடிப்பது குறைவு, வர்ணங்களோ வேண்டிய மட்டும்.

ஆனால் சங்கடம் முழுவதும் அடியிலே இருக்கிறது. தோலைச் சரியாகப் பதனிடாமல் மேலே எவ்வளவு சாயம் ஏற்றினாலும் நிற்காது என்பதை ஆம்பூர், வேலூர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தரையும் அப்படித்தான். கான்கிரீட்டுக்குள் தங்கிய ஈரம் மெல்ல மேலே வரும். எபாக்ஸி அதற்கு வழி விடாது. விளைவு, தளம் கொப்புளிக்கும், பெயர்ந்தும் போகும். இருபத்தெட்டு நாள் கணக்கு கான்கிரீட்டின் பலத்துக்கு உரியது, உலர்வதற்கு அன்று. அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது உலர்வதற்குச் சொல்லும் உத்தேசக் கணக்கு. மழைக்காலத்தில் இன்னும் நீளும். கிரகப்பிரவேச முகூர்த்தம் கான்கிரீட்டுக்குத் தெரியுமா, என்ன?

வீட்டுக்காரரே ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப் போடுவதே உசிதம். வியர்க்காவிட்டாலும், கருவி கொண்டு ஈரம் அளந்து பார்க்கும்படி ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள்.

பிறகு மேலே படிந்த சிமெண்டுப் பாலை இயந்திரத்தால் தேய்த்தெடுத்து, வெடிப்புகளை அடைக்க வேண்டும். கான்கிரீட்டில் இணைப்பு விட்ட இடத்திற்கு நேர் மேலே உலோகப் பட்டை வைக்காவிட்டால், அந்தக் கோடு தளத்திலும் வெடித்துத் தலைகாட்டும். பிசினும் சில்லும் பரப்பி, இறுகியபின் மீண்டும் தேய்த்து, சிறு துளைகளை அதே பிசினால் நிரப்பி, மெருகேற்றுவார்கள். தேய்க்கும் தூசி நுரையீரலைக் கெடுப்பது; தூசியை உறிஞ்சும் இயந்திரமும் முகமூடியும் உண்டா என்று கேளுங்கள். கூலியாள் நம் வீட்டிலல்லவா மூச்சு விடுகிறார்! பிசின் கையில் பட்டால் தோல் புண்ணாகும், உறையும் அவசியம்.

வெயில் படும் முற்றத்துக்கு இது ஆகாது, மஞ்சளாகிவிடும். சமையலறையிலோ எலுமிச்சையும் புளியும் பிசினை ஒன்றும் செய்யா. சலவைக்கல் சில்லை அரித்துவிடும். அங்கே கருங்கல் சில்லோ கண்ணாடிச் சில்லோ போடச் சொல்லுங்கள்.