காதைத் தொட்ட வயது

முப்பது வருஷத்துக்கு மேல் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். ஜூன் மாதம் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்ததும், பிள்ளையைக் கூட்டி வரும் அம்மாக்களிடம் கேட்பது பிறந்த தேதியைத்தான். "எம்.ஜி.ஆர். செத்தப்போ இவ கைக்கொழந்த சார்" என்பார் ஒருவர். "ஏரி ரொம்பி கலங்கல் போச்சே, அந்த வருசம்" என்பார் இன்னொருவர். பிள்ளையை நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை எழுதுவேன். மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் என்று ஆயுள் முழுக்க அந்தத் தேதி கூடவே வரும்.

2025 ஜூலை 14 அன்று மாரத்தான் ஓட்டக்காரர் ஃபௌஜா சிங் இறந்த செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பதிவேடுதான். பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்தில் பியாஸ் பிண்ட் அவருடைய சொந்த ஊர். அங்கேயே சாலையில் நடந்து போனபோது கார் மோதி இறந்தார். வயது 114 என்று எழுதினார்கள். மனைவியையும் கண்ணெதிரே ஒரு மகனையும் பறிகொடுத்த விவசாயி அவர். லண்டனில் இருந்த இன்னொரு மகனிடம் போய்ச் சேர்ந்து, அந்தத் துக்கத்தை ஓடித் தீர்க்கப் பார்த்தவர். 2000ஆம் ஆண்டு லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது அவருக்கு 89 வயது. 42 கிலோமீட்டரை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2003இல் டொராண்டோவில் அதே தூரத்தை 5 மணி 40 நிமிடத்தில் ஓடினார். 2011 அக்டோபரில் அதே ஊரில் 100 மீட்டர் தொடங்கி 5,000 மீட்டர் வரை எட்டுத் தூரங்களை ஒரே நாளில் ஓடினார். மூன்று நாள் கழித்து முழு மாரத்தானையும் 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். நூறு வயதில் மாரத்தான் ஓடிய முதல் மனிதர் என்று உலகம் கொண்டாடியது.

கின்னஸ் மட்டும் ஏற்கவில்லை. பாஸ்போர்ட்டில் 1911 ஏப்ரல் 1 என்று இருந்தது. நூறாவது பிறந்த நாளுக்கு இங்கிலாந்து ராணி அனுப்பிய வாழ்த்துக் கடிதமும் இருந்தது. கின்னஸ்காரர்கள் கேட்டதோ பிறந்த காலத்திலேயே எழுதிய சான்று. அந்த ஊரில் 1911இல் அப்படி ஒரு பதிவே வைக்கவில்லை என்று இந்திய அதிகாரிகள் கடிதம் கொடுத்தார்கள். இல்லாத காகிதத்தை எங்கே போய்த் தேடுவது?

கின்னஸ் செய்தது சரி என்றே நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். ஆனால் பதிவேட்டில் தேதி எழுதியவன் நான். பாஸ்போர்ட் தேதி எங்கிருந்து பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். உலகம் முழுக்க இந்தச் சிக்கல் உண்டு. 2010இல் ஜப்பான் அரசு தன் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது, நூறு தாண்டியவர்களாகக் கணக்கில் இருந்தவர்களில் 2,30,000க்கும் மேற்பட்டவர்களைக் காணவில்லை. லண்டன் ஆய்வாளர் சால் நியூமன் அமெரிக்கக் கணக்குகளை ஆராய்ந்தார். மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறையாக வந்த பிறகு, 110 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்திருந்தது.

அதற்காக ஃபௌஜா சிங் பொய் சொன்னார் என்று ஆகாது. சான்றில்லாத வயது வேறு, பொய் வயது வேறு. அவர் 95ஆக இருந்திருந்தால்கூட அந்த 8 மணி 11 நிமிடம் ஒரு நொடி கூடுமா, குறையுமா? அதே டொராண்டோ ஓட்டத்தில் 2016இல் எட் விட்லாக் என்பவர் 85 வயதில் 3 மணி 56 நிமிடத்தில் ஓடினார். 1931இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் வயதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர் பிறந்த நாட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஃபௌஜா சிங் பிறந்த ஊரில் எழுதி வைக்கவில்லை.

மருத்துவத்தாலும் இந்த வயதுச் சிக்கலைத் தீர்க்க முடியாது. வயதைக் குறைத்துச் சொல்லும் சிறுவர் அணி வீரர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வளர்ச்சியை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். வளர்ச்சி முடிந்து எலும்பு கூடிய பிறகு அந்தச் சோதனை பயன்படாது. மூத்தோர் தடகளத்தில் ஆசை எதிர்ப்பக்கம் இழுக்கும்: வயது கூடினால் போட்டி லேசு. 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 நொடியில் ஓடித் தங்கம் வாங்கிய மூதாட்டி மன் கவுருக்கு, அந்த வயதுப் பிரிவில் எதிரே ஓட ஆளே இல்லை.

மூத்தோர் பிரிவு 35 வயதில் தொடங்குகிறது. எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த எண் புதிதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 921இல் வெட்டிய சாசனப்படி, சபையின் வாரியங்களுக்கு வர 35க்கு மேல், 70க்குக் கீழ் இருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத காலம். பெயரைக் குடத்தில் போடும் முன் ஊரார் வாயால்தான் வயதை உறுதி செய்திருக்க வேண்டும்.

நானும் ஓடுகிறவன். வைரமேக தடாகம் என்ற எங்கள் பெரிய ஏரியின் கரைதான் என் மைதானம். என் சான்றிதழில் 1.6.1958 என்று இருக்கிறது. என் அம்மா சாகும்வரை சொன்னதோ விளம்பி வருஷம் தை மாதம், அதாவது 1959இன் தொடக்கம். நான் கொஞ்சம் உயரம். நாலரை வயதிலேயே காதைத் தொட்டுவிட்டேனாம், சேர்த்துக்கொண்டார்கள். 2023 நவம்பரில் ஒரு மூத்தோர் போட்டியில், 65 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் 5,000 மீட்டர் ஓடி மூன்றாவதாக வந்தேன். அம்மா கணக்கில் அன்று எனக்கு 65 ஆகவில்லை. ஆதார் கணக்கில் ஆகியிருந்தது. பதிவு மேஜையில் கேட்டது ஆதாரை.

ஒரு வருஷம் அந்தப் பதக்கம் அலமாரியில் கிடந்து உறுத்தியது. நான்காவதாக வந்தவர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. ஒருநாள் பதக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வைத்தார்.

"சார், எனக்கும் ஜூன் அஞ்சுன்னுதான் போட்டிருக்கு. நான் ஐப்பசி மழையில பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். எந்த வருசத்து ஐப்பசின்னு எனக்குத் தெரியாது. மானாம்பதியில அக்கா இருக்குது. அதுக்குத்தான் தெரியும்."

அக்காவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரை ஓட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்க இரண்டு பேரும் பஸ் ஏறுகிறோம். பதக்கம் இன்னும் அந்தத் திண்ணையில்தான் இருக்கிறது.