அப்பளம் நமுப்பதும் அலமாரி உப்புவதும்

மழைக்காலத்தில் பொரித்த அப்பளத்தைத் தட்டில் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் நமுத்துவிடும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பட்டிருக்காது. காற்றில் இருந்த ஈரத்தையே அது இழுத்துக்கொண்டது. சமையலறை அலமாரியின் பலகையும் இதையேதான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரையை ஒட்டி வீடு கட்டுகிறவர்கள், அலமாரிக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஈரம் என்ன செய்கிறது?

அறுத்துப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், மரத்தின் உலர்ந்த எடையில் சுமார் 9 சதவீத அளவுக்கு அதில் தண்ணீர் தங்கும். ஐப்பசி மழையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டு நாள்கணக்கில் அப்படியே நின்றால், அது 16 சதவீதத்தை நெருங்கும். ஈரம் ஏற ஏற மரம் அகலவாக்கில் விரியும். நீளவாக்கில் அநேகமாக அசையாது.

ப்ளைவுட் இந்தக் குணத்தை வைத்தே செய்யப்படுகிறது. மெல்லிய மரத்தாள்களை, ஒன்றின் ரேகைக்கு அடுத்ததன் ரேகை குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டுகிறார்கள். ஒரு தாள் விரியப் பார்த்தால் அடுத்த தாள் இழுத்துப் பிடிக்கும். பார்ட்டிகிள் போர்டில் அந்தப் பிடிப்பு இல்லை. மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை அது. நனைந்தால் சில்லுகள் உப்பி ஒன்றைவிட்டு ஒன்று விலகும். நமுத்த அப்பளத்தையாவது சூடுகாட்டி மொறுமொறுப்பாக்கலாம். உப்பிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

எந்த வழியாக நுழைகிறது?

பலகையின் முகத்தை லேமினேட் மூடியிருக்கிறது. ஈரம் அந்த வழியாக அதிகம் நுழைவதில்லை. வெட்டிய விளிம்பு, கீலுக்குக் குடைந்த குழி, ஆணித்துளை ஆகியவைதான் வாசல்கள். சில வருடம் புழங்கிய சமையலறையில் சிங்க்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து, குழாய் போவதற்காகப் பலகையில் வெட்டிய ஓட்டையைப் பாருங்கள். அதைச் சுற்றி விரல் வைத்துத் தடவினால் மேடு தட்டும். லேமினேட் ஓரம் தூக்கியிருக்கும். பக்கத்திலுள்ள திருகைத் திருப்பினால் பிடிப்பில்லாமல் சுற்றும். தச்சர் அந்த ஓட்டையின் விளிம்பில் சிலிக்கான் பூசி அடைத்திருந்தால் பலகை பிழைத்திருக்கும்.

அதனால் நான்கு விளிம்பிலும் எட்ஜ் பேண்ட் எனும் மூடுபட்டையை ஒட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விட்டுவிடுவது பரவலான வழக்கம். ஈரம் அங்கேதான் முதலில் ஏறும்.

கதவு ஏன் வளைகிறது?

ஒரு பக்கம் மட்டும் சுட்ட அப்பளம் சுருண்டுகொள்ளும். வெளிப்பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டிய கதவுக்கும் அதே கதிதான். மூடிய பக்கம் சும்மா இருக்க, திறந்த பக்கம் ஈரம் குடித்து விரிய, கதவு வில்லாக வளையும். உள்பக்கத்திலும் ஒரு லேமினேட் ஒட்டினால் இரண்டும் சமமாக இழுத்துக்கொள்ளும்.

எதை எங்கே வைப்பது?

சிங்க்குக்குக் கீழேயும் தரையை ஒட்டிய பெட்டிகளுக்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாதா என்று சோதிக்கப்படுகிறது. முத்திரை இல்லாமல் 'வாட்டர் ப்ரூஃப்' என்று வாயால் மட்டும் சொல்வதை நம்ப வேண்டாம். மேல் அலமாரிகளுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. ஈரம் தாங்கும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகை போதும்.

கீழ்ப்பெட்டிகளைத் தரையில் உட்கார வைக்காமல் நான்கு அங்குல பி.வி.சி. கால்களில் நிறுத்துங்கள். தரை கழுவும் தண்ணீர் எட்டாது, கரையான் வந்தாலும் கண்ணில் படும். கடற்கரைக்குப் பக்கத்து வீடென்றால் கீலும் இழுப்பறைச் சட்டமும் 304 தர எவர்சில்வரில் இருக்கட்டும். உப்புக்காற்று முதலில் அரிப்பது சாதாரண இரும்பைத்தான்.

மளிகையும் வெங்காயமும் வைக்கும் அலமாரிக்கு மட்டும் நேர்மாறான விதி. அதை இறுக மூடக் கூடாது. சாய்சட்டம் வைத்த தேக்குக் கதவோ பிரம்புப் பின்னலோ போட்டால் காற்று உள்ளே புகுந்து வெளியேறும், பூஞ்சை பிடிக்காது. வெப்ப நாட்டு வீட்டுக்குரிய அழகும் அதில் தானாகவே வந்துவிடும். பிரம்பை அடுப்புக்குத் தள்ளியே வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பின்னலில் ஏறினால் எடுக்க வராது.

கடையில் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அலமாரிக்குப் போடப்போகும் பலகையில் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, அதன் கனத்தை அளந்துகொண்டு, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் மூழ்க வையுங்கள். காலையில் மறுபடி அளந்து, விளிம்பை நகத்தால் கீறிப் பாருங்கள். வெகுவாக உப்பியிருந்தாலோ உதிர்ந்தாலோ, மேலே ஒட்டும் நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்தப் பலகை உங்கள் சமையலறைக்கு வேண்டாம்.