உங்களுக்குத் தெரியுமா? சுரங்கத் தண்ணீரில் ஒரு சுறுசுறுப்பு உலகம்!

கோலார் தங்கவயல் மூடப்பட்ட நாள் 2001 பிப்ரவரி 28. அதன் பிறகு உள்ளே நிரம்பியது தங்கமல்ல, தண்ணீர்!

அங்குள்ள தங்கப் பாறைப் பட்டை கர்நாடகத்தோடு நிற்கவில்லை. தெற்கே நீண்டு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளும் நுழைகிறது. நீளம் சுமார் 80 கி.மீ.!

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளில் பச்சைப் பசேலென்று தண்ணீர் நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சை, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் கைவண்ணம். சாதாரணக் குட்டைத் தண்ணீரில் ஒரு மில்லி லிட்டருக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் பத்து லட்சம்! (பார்த்து ரசியுங்கள். இறங்கிவிடாதீர்கள். குவாரியின் ஆழம் ஆளையே விழுங்கும்.)

தங்கவயலில் தங்கம் பிரிக்கச் சயனைடு பயன்பட்டது. பிரித்த பின் மிஞ்சிய மண் இன்று மலை மலையாக நிற்கிறது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘சயனைடு மலை’. எடை மூன்று கோடி டன்னுக்கும் மேல்!

அந்தச் சயனைடையே சாப்பிடும் பாக்டீரியாக்கள் உண்டு! அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 1984-லேயே அவற்றை வேலைக்கு வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்தது. சம்பளமே இல்லாமல்!

இன்னொன்று இதற்கு நேர் எதிர். குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற ஊதா நிறப் பாக்டீரியா தானே சயனைடு தயாரிக்கிறது. அதை வைத்துத் தங்கத்தையே கரைக்கிறது!

கரைந்த தங்கத்தை மறுபடி தங்கமாக்க ஆள் வேண்டாமா? இதோ, குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ்! தங்கம் கரைந்த நீர் மற்ற உயிர்களுக்கு விஷம். இது அந்த நஞ்சை உள்ளே வாங்கி, மின்னும் தங்கத் துகளாக மாற்றிவிடுகிறது. ஆஸ்திரேலியத் தங்கமணிகளின் மேலேயே குடியிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தார்கள். ரசவாதிகள் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்கள்!

இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாவும் உண்டு. 1947-ல் நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரில் சிக்கியது. கரைந்த இரும்பு, அமில நீரில் தானாகத் துருவாக மாற வெகுகாலம் பிடிக்கும். இது புகுந்தால் வேகம் பத்து லட்சம் மடங்கு வரை கூடும்!

கலிபோர்னியாவில் ஒரு பழைய சுரங்கம். அதில் சொட்டிய நீரின் பி.எச். அளவு மைனஸ் 3.6! ஆமாம், மைனஸ்தான். பேட்டரி ஆசிட் தோற்றது! அதே சுரங்கத்தின் அமில ஓடைகளில் இளஞ்சிவப்புப் படலமாகக் குடும்பம் நடத்துகின்றன நுண்ணுயிர்கள். 2004-ல் அந்தப் படலத்தை அப்படியே அள்ளி மரபணுக்களைப் படித்துவிட்டார்கள். ஆய்வகத்தில் வளர்க்கவே இல்லை!

மொன்டானாவின் பெர்க்லி செம்புக் குழி. 1995-ல் அந்தக் குழியில் தேங்கிய தண்ணீரில் இறங்கிய 342 பனி வாத்துகள் செத்துப்போயின. அதே தண்ணீரில் வாழ்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து வேதிப்பொருள் ஒன்றைப் பிரித்தார்கள். அது ஆய்வகத்தில் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியையே தடுத்தது!

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில், 2.8 கி.மீ. ஆழத்தில், வெந்நீர் நிறைந்த பாறை இடுக்கில் ஒரு பாக்டீரியா. வெயில் இல்லை, காற்று இல்லை. யுரேனியக் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளந்து போடும் ஹைட்ரஜன்தான் அதற்குச் சோறு. துணை? யாருமில்லை! அந்த நீரில் இருந்த உயிர்களில் 99.9 சதவீதம் அந்த ஒரே இனம். ஒன்று தெரியுமா? நம் பக்கத்துத் தங்கவயல் அந்த 2.8 கி.மீ.யைவிட ஆழம், 3.2 கி.மீ.! அங்கே என்னென்ன வாழ்கின்றனவோ, யாராவது ஒரு குடுவை இறக்கிப் பாருங்களேன்!

கனடாவின் கிட் கிரீக் சுரங்கத்தில் 2.4 கி.மீ. ஆழத்தில் பாறையிலிருந்து தண்ணீர் கசிகிறது. வெளியுலகம் பார்க்காத தண்ணீர். வயது நூறு கோடி ஆண்டுக்கும் மேல். அதிலும் உயிர் இருக்கிறது!