ஸ்கேன் ஊசியும் உடலின் காவலும்

சென்ற மாதம் பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவருடன் சி.டி. ஸ்கேன் எடுக்கும் இடத்திற்குத் துணையாகச் சென்றிருந்தேன். கையெழுத்திட ஒரு தாளைக் கொடுத்தார்கள். அது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. தமிழ் ஒன்றே அறிந்த பெரியவர் படியாமலே பேனாவை எடுத்தார். "இம்மருந்தை முன்பு ஏற்றியபோது ஒவ்வாமை ஏதேனும் உண்டாயிற்றா?" என்னும் வினாவை நான் தமிழில் சொன்னதும், "ஆமாம் தம்பி, ஊரில் இருந்தபோது ஒருமுறை உடம்பெல்லாம் தடித்துப் போயிற்று" என்றார். அந்த ஒரு விடையின் அருமையை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

இரத்தக் குழாய்களும் உள்ளுறுப்புகளும் படத்தில் தெளிவாகத் தெரியும் பொருட்டு, அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். அப்போது உடலில் சூடு பரவுவதும் நாவில் உலோகச் சுவை தோன்றுவதும் இயல்பே. மிகப் பலருக்கு அதற்கு மேல் ஒன்றும் நேர்வதில்லை. சிலருக்கு மட்டும் அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை உண்டாகின்றன. இதன் காரணம் யாது?

நம் தோலிலும் மூச்சுக் குழாய்களிலும் மாஸ்ட் செல்கள் என்னும் காவலர் இருக்கின்றனர். அவர்கள் கையில் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் நிறைந்த மூட்டைகள் உண்டு. அம்மூட்டைகள் திடீரென அவிழ்வதே மேற்சொன்ன தொல்லைகளுக்கு மூலம்.

அவை அவிழும் வழிகள் பல. 1902இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் ரிஷே, போர்த்தியே இருவரும் கடலுயிரின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றினர். முதல்முறை தாங்கிய நாய், பின்னர் சிறிதளவு ஏற்றியதுமே மாண்டது. இந்நிலைக்கு 'அனஃபிலாக்ஸிஸ்' என்று பெயரிட்டனர்; இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். முதல் அறிமுகத்தில் உடல் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருளை ஆக்கிக்கொள்கிறது. மறுமுறை அதுவே மூட்டையை அவிழ்க்கிறது.

ஆயினும், கான்ட்ராஸ்ட் மருந்தை வாழ்நாளில் முதன்முறை ஏற்றிக்கொள்பவருக்கும் ஒவ்வாமை நேர்வதுண்டு. எதிர்ப்பொருளின் துணையின்றியே மருந்து காவலரைத் தூண்டிவிடக் கூடும் என்பதே இதற்கு விளக்கம். இவையன்றி, டி செல்களின் செயலால் சில மணி நேரமோ சில நாள்களோ கழிந்து தோன்றும் தோல் தடிப்பும் உண்டு.

இறால் ஒவ்வாதவருக்கு அயோடினும் ஆகாது என்பது பலரிடம் உள்ள தவறான எண்ணம். இறாலில் ஒவ்வாமை தருவது அதன் புரதமேயன்றி அயோடின் அன்று.

அச்சமும் வேண்டாம். 1990இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்று மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட ஊசிகளைக் கணக்கெடுத்தது. கடுமையான விளைவு, பழைய வகை மருந்தில் பத்தாயிரத்திற்கு 22 பேருக்கும், புதிய வகையில் 4 பேருக்குமே நேர்ந்தது. இன்று பெரிதும் வழங்குவது புதிய வகையே.

பெரியவரின் விடையைக் கேட்ட மருத்துவர் வேறொரு கான்ட்ராஸ்ட் மருந்தைத் தேர்ந்தார். அட்ரினலின் ஊசியையும் அருகில் வைத்துக்கொண்டார். ஸ்கேன் இனிது முடிந்தது. முன்பு ஒவ்வாமை கண்டவர்கள் மருந்தின் பெயர், தேதி, நேர்ந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருத்தல் நலம். ஊசிக்குப் பின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். தாளிலுள்ள மொழி விளங்காவிடில், விளங்கும் மொழியில் கேட்டறிந்த பின்னரே கையெழுத்திடுங்கள். அவ்வாறு கேட்பதில் நாணத்திற்கு இடமில்லை.