வேப்ப மரத்தடியில் தகப்பனார்

பிரசவ ஆஸ்பத்திரியின் பொது வார்டில் இராத்தங்க ஆண்களுக்கு இடமில்லை. பல தாய்மார்கள் பாலூட்டும் இடமாதலால் அது நியாயமே. கட்டிலருகே பாய் விரித்துப் படுக்கப் பாட்டியம்மாள் இருக்கிறாள். தகப்பனாரோ வெளியே வேப்ப மரத்தடியில், செருப்பைத் தலைமாட்டில் பத்திரப்படுத்திக்கொண்டு படுக்கிறார். அர்த்தராத்திரியில் மருந்துக்கோ ரத்தத்துக்கோ ஓட வேண்டியவர் அவர்தான். ஆகையால் தூக்கமும் பாதித் தூக்கமே.

பிரசவ சமயத்தில் ஒரு பெண் துணையையும், மறைப்பு வசதியுள்ள இடத்தில் கணவரையும் இந்திய சர்க்கார் 2016-ல் அநுமதித்தார்கள். நல்லது. ஆனால் அதற்குப் பின்னும் இரவுகள் உண்டே! 2011-ஆம் வருஷத்துத் திட்டத்தில் சுகப்பிரசவத்துக்கு 3 நாள் வரையிலும், அறுவைச் சிகிச்சைக்கு 7 நாள் வரையிலும் தாய்க்கு இலவசச் சாப்பாடு வைத்திருக்கிறார்கள். அத்தனை இரவும் தகப்பனாருக்கு மரத்தடிதானா? ஒரு கூரை, ஒரு விளக்கு, குடிதண்ணீர், கூப்பிட்டால் காதில் விழும் தூரம். நாம் கேட்பது இவ்வளவே. மெத்தை வேண்டுமென்று எந்தத் தகப்பனாரும் கேட்டதாகத் தெரியவில்லை.