சுக்குக் காபியும் இரண்டு இளைஞர்களும்

செகந்திராபாத்தில் எங்கள் குடியிருப்பில், என்னைப் போலவே ரயில்வேயில் ஓய்வு பெற்ற தமிழ் நண்பர் ஒருவர் இருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் மனைவியை இழந்தவர். மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் காபி குடிப்பது என் வழக்கம். சென்ற ஆவணியில் ஒரு நாள், காபித்தூள் சேராத சுக்குக் காபி வந்தது.

"காபியை விட்டுட்டேன் சார்" என்றார்.

அன்றிரவே புனேயிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். "அங்கிள், அப்பா மார்மன் சபையில சேரப் போறாராம். அந்தப் பசங்க வரும்போது நீங்களும் கூட உட்காருங்க."

உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் வில்லை அணிந்து இருவர் வந்தார்கள். ஒருவர் கோவைப் பையன், மற்றவர் தெலுங்கர். இருபது வயதுதான் இருக்கும். ஆனால் 'எல்டர்', அதாவது மூப்பர் என்று பட்டம்! சம்பளமில்லாமல் இரண்டு வருட ஊழியம். இவர்களது 'ஸ்டேக்' என்ற மண்டல அமைப்பு இந்தியாவில் முதன்முதலாக ஏற்பட்டது 2012இல், நம் ஐதராபாத்தில்தான்.

ஜோசப் ஸ்மித் என்ற அமெரிக்க இளைஞர் 1820இல் கண்ட தரிசனம், தேவதூதன் காட்டிய பொன் தகடுகள், அவற்றிலிருந்து பிறந்து 1830இல் வெளியான மார்மன் புத்தகம் என்று பாடம் போயிற்று. தகடுகள் இப்போது எங்கே என்று கேட்டேன். தேவதூதனே திரும்ப வாங்கிக்கொண்டாராம். ஸ்டோர்ஸ் கணக்குக்குப் பதில் சொல்லியே தலை நரைத்தவனுக்கு இது போதுமா? பலதார மணம் பற்றியும் கேட்டேன். 1890இல் அதைக் கைவிட அறிவித்தாயிற்று என்றார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மது, புகையிலை, காபி, டீ கூடாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

"உண்மைதானா என்று பிரார்த்தனை செய்து நீங்களே கேட்டுப் பாருங்க" என்றான் கோவைப் பையன்.

"தண்டவாளம் சரியா இருக்கான்னு கேஜ் வெச்சுப் பார்க்கணும் தம்பி. மனசுல தோணினா போதுமா?" என்றேன்.

நண்பர் சிரித்தார். "பொண்ணு பார்க்கப் போனப்ப நீங்க கேஜ் எடுத்துக்கிட்டா போனீங்க?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் வீட்டுக்காரி?" என்று கேட்டார்.

இதற்காகத்தான் இத்தனை நாள் பாடம் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களது கோயிலில் நடக்கும் திருமண பந்தம் சாவோடு முடிவதில்லையாம். இறந்தவருக்காக இன்னொருவர் அவர் பெயரில் நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறலாம். ஏற்பதும் மறுப்பதும் இறந்த ஆன்மாவின் இஷ்டம். பெங்களூரில் கோயில் கட்டப்போவதாக 2018இல் அறிவித்து, 2020 டிசம்பரில் வேலை தொடங்கியதையும் சொன்னார்கள்.

அமாவாசை தோறும் தர்ப்பணம் செய்கிறவன் நான். இந்த இடத்தில் எனக்குக் கேள்வி வரவில்லை.

"அவ காபியை விட மாட்டாளே!" என்றார் நண்பர். யாரும் பதில் சொல்லவில்லை.

ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்டார்கள். "தீபாவளிக்குப் பொண்ணு வரா. அவ எதிர்ல சொல்றேன்" என்றார். சரியென்று சுக்குக் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மகளிடம் நடந்ததைச் சொன்னேன். பணத்தைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதும் போனில் வெகுநேரம் பேச்சில்லை.

மறுநாள் அவர் மனைவியின் பித்தளை ஃபில்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. "வெச்சிருங்க" என்றார், அவ்வளவுதான். என் மனைவி அதைத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நாங்கள் இன்னும் அதில் காபி போடவில்லை.