தொலைநோக்கி, வளையம், தளம்: துப்பாக்கியில் ஒரு இண்டர்ஃபேஸ் பிரச்சினை

பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறார். அதற்கு ஆன்லைனில் தொலைநோக்கி ஒன்றும், தனியாக வளையங்களும் வாங்கினார். மாட்டிப் பார்த்தால் உட்காரவே இல்லை. "லேத் பட்டறையில கொடுத்து ராவி விட்ரலாமா சார்?" என்று கேட்டார். ராவ வேண்டாம் என்று நிறுத்தி வைத்துவிட்டு, ஏன் உட்காரவில்லை என்று தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம்மூரில் வேட்டை என்பது கிடையாது. 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலுக்கு மேல் போகாத விசையும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பது உண்மை. அதை வைத்துக் கிளியையோ முயலையோ அடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. காகித இலக்கு மட்டும்தான். வேட்டைத் துப்பாக்கிக்காக உருவான இந்த வளையம், தளம் சமாச்சாரம் தல்லாகுளத்துக்கு வந்து சேர்ந்தது இந்த ஏர் ரைஃபிள் வழியாகத்தான்.

மென்பொருள்காரனுக்கு இது சுலபமாகப் புரியும். துப்பாக்கிக்கும் தொலைநோக்கிக்கும் நடுவில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று, தொலைநோக்கியின் குழாய் வளையத்துக்குள் உட்காரும் இடம். இங்கே அளவு என்றால் குழாயின் விட்டம்: 1 அங்குலம் (25.4 மி.மீ.), 30 மி.மீ., 34 மி.மீ. என்று சில அளவுகள்தான். 30 மி.மீ. வளையத்தில் 1 அங்குலக் குழாயைப் போட்டு, சுற்றி டேப் ஒட்டி இறுக்கினால் ஆச்சு என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. அதற்கென்று கடைந்த குறைப்பு வளையம் தனியாக இருக்கிறது.

இரண்டாவது இணைப்பு, வளையத்தின் கால் துப்பாக்கியின் மேல் உட்காரும் இடம். குழப்பமெல்லாம் இங்கேதான். ஏர் ரைஃபிள்களிலும் .22 துப்பாக்கிகளிலும் மேல்புறத்து இரும்பிலேயே இரண்டு நீளப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். டவ்டெயில் என்று பெயர். புறாவின் வால் மாதிரி மேலே விரிந்து கீழே குறுகிய வடிவம். பொதுவாக 11 மி.மீ. என்று சொல்லிக்கொள்வார்கள். 3/8 அங்குலத்தில், அதாவது சுமார் 9.5 மி.மீ.யில் வெட்டியவையும் உண்டு. பள்ளத்தின் சாய்வுக் கோணமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயர் ஒன்று, பொருள் வேறு.

வேட்டைத் துப்பாக்கிகளில் தளம் தனித் துண்டாக வரும். திருகாணி போட்டு இறுக்குவார்கள். இதில் அதிகம் புழங்குவது இரண்டு. 1930இல் அமெரிக்காவில் கம்பெனி தொடங்கிய வில்லியம் வீவரின் பெயரில் உள்ள வீவர் தளம் ஒன்று. அமெரிக்க ராணுவம் 1995இல் தரப்படுத்திய பிக்காட்டினி தளம் இன்னொன்று. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் குறுக்குப் பள்ளத்தில். வீவரில் பள்ளத்தின் அகலம் 0.180 அங்குலம், பிக்காட்டினியில் 0.206. பிக்காட்டினியில் பள்ளத்துக்குப் பள்ளம் இடைவெளியும் சீராக, 10 மி.மீ.க்கு ஒன்று வீதம் வரும். வீவரில் அந்தக் கட்டாயம் இல்லை.

அதனால் வீவர் வளையம் பெரும்பாலும் பிக்காட்டினி தளத்தில் இறங்கிவிடும். பிக்காட்டினி வளையத்தின் குறுக்குக் கம்பி தடிமன் அதிகம், வீவர் பள்ளத்தில் இறங்காது. பழைய புரோகிராம் புது சிஸ்டத்தில் ஓடும், புதுசு பழசில் ஓடாது என்கிற அதே கதை. நண்பர் வாங்கியது வீவர் வளையம், அவரிடம் இருப்பது 11 மி.மீ. பள்ளம். இரண்டும் வேறு வேறு குடும்பம். ராவினால் கால் தேயும்; பிடிமானம் வராது. 11 மி.மீ. வளையம் தனியாகக் கிடைக்கிறது, அதைத்தான் வாங்கச் சொன்னேன்.

சரி, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வளையங்களுக்கும் நடுவே 10 செ.மீ. தூரம், ஒன்று மற்றதைவிட 0.1 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளின் தடிமன்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. 10 மீட்டரில் 1 செ.மீ. விலகும், 100 மீட்டரில் 10 செ.மீ. விலகும்.

டயலைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் டயலின் எல்லையில் ஒரு பகுதி அதிலேயே செலவாகிவிடும். அதைவிட மோசம், இரண்டு வளையமும் ஒரே கோட்டில் இல்லாதபோது திருகாணியை இறுக்கினால் குழாயே வளையும். வெளியே தழும்பு விழும், உள்ளே இருக்கும் நுட்பமான பாகம் சிக்கிக்கொள்ளும். அப்புறம் டயலை நாலு கிளிக் திருப்பினால் குறி ரெண்டு நகரும், அல்லது ஏழு நகரும். வளையத்தின் மூடியை ஒரு பக்கம் முழுக்க இறுக்காமல், குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கமும் சம இடைவெளி விட்டு இறுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. சாதாரணத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே போகும். பிஸ்டன் போய் முட்டியதும் வெடுக்கென்று முன்னே இழுக்கும். இந்த இரண்டாவது இழுப்பில் தொலைநோக்கி வளையத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்துவிடும். அதைத் தடுக்க வளையத்தில் ஒரு சிறு முளை இருக்கும். தளத்தில் அதற்கான குழியில் இறக்க வேண்டும். பெரிய வேட்டைத் துப்பாக்கியின் உதையைத் தாங்கும் தொலைநோக்கிகூட இந்த இரட்டை உதையில் உடைவதுண்டு. ஏர் ரைஃபிளுக்கானது என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்கவும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. நாம் படித்து வளர்ந்த வேட்டைக் கதைகளில் தொலைநோக்கியே வருவதில்லையே? ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காகப் பரிசளித்த .275 ரிக்பியில் வெறும் இரும்புக் குறிதான். ஜவளகிரி, தளவாடிப் பக்கம் அலைந்த கென்னத் ஆண்டர்சனிடம் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். அது வெற்றுத் தோட்டாவை மேல்பக்கமாகத் துப்பும். அதன் தலைக்கு நேர்மேலே தொலைநோக்கியை வைத்தால் தோட்டா போய் அதில்தான் மோதும். புதரிலிருந்து சில அடி தூரத்தில் பாயும் மிருகத்துக்கு அது தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

பொருத்துவதைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட்டவர்கள் ராணுவத்தார்தான். இரண்டாம் உலகப் போரின்போது லீ என்ஃபீல்டு எண் 4 துப்பாக்கிகளில் நன்றாகச் சுடுபவற்றைப் பொறுக்கி, லண்டன் ஹாலண்ட் & ஹாலண்ட் கம்பெனியிடம் கொடுத்துத் தொலைநோக்கி மாட்டினார்கள். அப்படி 20,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். அந்தத் தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது. துப்பாக்கியின் இடப்பக்கம் இரண்டு இரும்புத் திண்டுகளைப் பதித்து, வளையத்தோடு கூடிய தாங்கியை இரண்டு பெரிய கைத்திருகாணிகளால் பிடித்தார்கள். பயணத்தில் கழற்றி இரும்பு டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் மாட்டினால் பழைய குறி அப்படியே திரும்பி வர வேண்டும். சுடுகிறவனின் உயிர் அதில்தான் இருந்தது.

பொதுவான அளவு ஒன்றை நம்பி இதைச் சாதிக்க முடியவில்லை. ஒவ்வொரு தாங்கியையும் அந்தந்தத் துப்பாக்கிக்கே ஒட்டிப் பொருத்தினார்கள். துப்பாக்கியின் எண்ணைத் தாங்கியில் அடித்தார்கள். தொலைநோக்கியின் எண்ணைக் கட்டையின் கழுத்தில் அடித்தார்கள். வளையத்தின் மூடியும் அடியும்கூட ஜோடி மாறக் கூடாது என்று அவற்றிலும் எண் போட்டார்கள். இன்றைக்கும் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் இந்த வகையைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது அந்த எண்களைத்தான். மூன்றும் பொருந்தினால் விலை ஒரு மாதிரி, பொருந்தாவிட்டால் வேறு மாதிரி.